கீழத்தெருவில் தரை உயர்ந்தது

வாங்கம்மா, உள்ளே வாங்க. செருப்பை வெளியே விடாதீங்க. தெருவில் ஒரு நாய் சுற்றுகிறது, போன வாரம் கேபிள்காரர் செருப்பில் ஒற்றையை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இப்படி உள்ளே ஓரமாக விடுங்க. ஃபேனுக்கு நேராக உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். நீங்கள் விழுந்துவைத்தால் அதை விசாரிக்க உங்கள் ஆபீஸிலிருந்து இன்னொருவர் வரவேண்டியிருக்கும்.

நீங்கள் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் ஜீப் டிரைவர் டீக்கடையில் வழி கேட்டபோதே விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது. கீழத்தெருவில் தரை மூன்றடி மேலே எழும்பியிருக்கிறதாம். உங்கள் கம்ப்யூட்டரில் எங்கள் வீடு இருக்கிற இடம் மட்டும் சிவப்பாகத் தெரிகிறதாம். எண்ணெய் எடுக்கிற ஊரில் தரை இறங்குமே தவிர ஏறுமா, அடியில் ஏதாவது வீங்குகிறதா என்று உங்கள் பெரிய அதிகாரிக்குத் தூக்கமே இல்லையாம். பாவம், தூக்கம் கெட்டால் எப்படி இருக்கும் என்று என்னைக் கேளுங்க. பதிலை நான் சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்துதான் சொல்வேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், நடுவிலிருந்து பிடித்துச் சொல்ல வராது.

காபிக்குச் சர்க்கரை போடலாமா? இந்த வயதில் தாராளமாகப் போடலாம். எங்கள் வீட்டுக்காரருக்குத்தான் நான் பயந்து பயந்து போடுகிறேன்.

என் பெயர் தையல்நாயகி. தெருவில் தையலக்கா என்றால்தான் தெரியும். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது வாசலில் நாலு படி இருந்தது. சிவப்புச் சிமெண்டுப் படி, ஓரத்தில் கறுப்புக் கோடு. வலது காலை வைத்து ஏறு என்றார்கள். நான் பதற்றத்தில் இடது காலை வைத்துவிட்டேன். மாமியார் சும்மா விடுவாரா? கீழே இறங்கச் சொல்லி, மறுபடி ஏறச் சொன்னார். இரண்டாவது தடவை புடவை தடுக்கியது. மூன்றாவது தடவைதான் ஒழுங்காக ஏறினேன். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அதனால் அந்தப் படிகளை நான் மறப்பேனா, சொல்லுங்க.

அப்புறம் சில வருஷத்தில் வயலுக்கு அந்தப் பக்கம் உங்கள் கம்பெனி கிணறு போட்டது. இரும்புக் கோபுரம் ஒன்று நின்று ராப்பகலாக உறுமியது. பிறகு கோபுரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குழாயும் சக்கரமுமாக ஒரு கட்டை மட்டும் வேலிக்குள் நிற்கிறது. சரி, தொந்தரவு விட்டது என்று இருந்தோம். ஒருநாள் வாசல் கழுவும்போது பார்க்கிறேன், மூன்று படிதான் இருக்கிறது.

எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எப்பவும் மூணுதானே இருந்துச்சு" என்றார். அவர் பெயர் கலியபெருமாள். கூட்டுறவுச் சங்கத்தில் உர மூட்டை எடை போட்டே ஓய்வு பெற்றவர். அங்கே ஒரு பிடி உரம் குறைந்தால் கண்டுபிடித்துவிடுவார். வீட்டில் ஒரு படியே குறைந்தாலும் தெரியாது. அப்புறம் கொஞ்ச வருஷத்தில் இரண்டு படி ஆயிற்று. அப்புறம் ஒன்று. ஒரு ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் நேராகக் கூடத்துக்குள் வந்து, கட்டிலுக்கடியில் புகுந்து, அவருடைய செருப்பை மிதக்க விட்டுக் கொல்லைப்பக்கமாகப் போனது. அன்றைக்குத்தான் அவர் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "ஆமா தையலு, படியைக் காணோமே" என்றார்.

அதற்கப்புறம் தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்கித்தான் வரவேண்டும். வருகிறவர்கள் எல்லாம் நிலையில் நெற்றியை இடித்துக்கொள்வார்கள். சம்பந்தி வீட்டார் வந்தபோது வரிசையாக மூன்று பேருக்கு எண்ணெய் தடவி விட்டேன்.

எனக்கு ஒரே ஒரு கணக்குத்தான் தோன்றியது. அடியில் இருப்பதையெல்லாம் உறிஞ்சி எடுத்தால் மேலே இருப்பது எங்கே போகும்? கீழேதான் போகும். எதிர்வீட்டு வனரோஜாவிடம் சொன்னேன். அவள் வீடு புதிதாகக் கட்டியது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

"அப்படின்னா என் வீடு ஏன் தையலக்கா இறங்கல?" என்று கேட்டாள்.

"குழாயை நேரா இறக்க மாட்டாங்களாம்டி, கோணலாத்தான் இறக்குவாங்களாம். அது என் அடுப்படிக்குக் கீழால போவுது."

"உன் அடுப்படி மேல கம்பெனிக்கு என்னக்கா கோவம்? உன் குழம்பைச் சாப்பிட்டுப் பாத்துட்டானா?"

அவள் வாய் அப்படி. நான் கண்டுகொள்ளவில்லை. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறை கேட்பார்கள் இல்லையா, அங்கே போக ஆரம்பித்தேன். எனக்கு அது புதிதில்லை அம்மா. இந்தத் தெருவுக்கு ரோடு வந்ததே என்னால்தான். முன்னே வெறும் களிமண். மழை பெய்தால் மாடுகூட வழுக்கும். நடையாய் நடந்து தார் ரோடு வாங்கினேன். அது பெயர்ந்தபோது மறுபடி போய்ச் சண்டை போட்டு அதன்மேல் சிமெண்டு ரோடு வாங்கினேன். அதிலே வெடிப்பு விட்டதும் மறுபடி தார். அங்கே இருக்கிற பியூனுக்குக்கூட என்னைத் தெரியும். "என்னம்மா, இந்தத் தடவை ரோடா, வேறயா?" என்பார். "வீடே முழுகுதுய்யா" என்று சொன்னேன்.

இப்படி நான் கத்திக் கத்தித்தான் உங்கள் கம்பெனியிலிருந்து இளவழகன் தம்பி வந்தார். எஞ்சினியர். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, காலையில் சாப்பிடாமல் வந்து நின்றார். நான் எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் ஒருத்தர் பசியோடு நின்றால் பொறுக்காது. இட்லி வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கேட்டார்.

"அம்மா, கீழ பெரிய குகை மாதிரி எண்ணெய்க் குளம் இருக்குதுன்னு நினைச்சீங்களா?"

"பின்னே?"

"குளமே இல்லம்மா. கல்லுதான். கல்லுக்குள்ள ஊறிக் கிடக்குது."

பையிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். குழவியை ஒடித்த மாதிரி உருண்டையான துண்டு, சாம்பல் நிறம். பூமிக்கடியில் இரண்டு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து வந்ததாம். "காபி கொஞ்சம் ஊத்துங்க" என்றார். ஊற்றினேன். அம்மா, அந்தக் கல் காபியைக் குடித்துவிட்டது! வழியவே இல்லை. எங்கள் வீட்டுக்காரர் எழுந்து வந்து, "சர்க்கரை போட்டதா போடாததா?" என்று கேட்டார். அவருக்கு அந்தக் கவலை.

"இது மணல்தாம்மா. மணல் பருக்கை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கல்லா ஆனது. நடுவுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. இப்ப இந்த இட்லிதான் அந்தக் கல்லுன்னு வச்சுக்குங்க."

"என் இட்லியையா கல்லுங்கறீங்க?"

உள்ளேயிருந்து எங்கள் வீட்டுக்காரர் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தத் தம்பிக்கு முகம் சிவந்துபோயிற்று.

"ஐயோ அம்மா, பஞ்சு மாதிரி இருக்கு. ஓட்டைக்காகச் சொன்னேன். இட்லி முழுக்க சாம்பார் ஊறியிருக்குல்ல? இதுக்கு மேல ரெண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு மண்ணும் பாறையும் உட்கார்ந்திருக்கு. அந்தப் பாரத்தை இட்லி மட்டும் தாங்கல. வெளிய ஓட வழியில்லாம உள்ள அடைஞ்சு கிடக்கிற சாம்பாரும் சேர்ந்து முட்டுக் கொடுக்குது. நாங்க சாம்பாரை எடுக்க எடுக்க, அந்த முட்டு குறையும். பாரம் பூரா இட்லி மேல இறங்கும். பருக்கையெல்லாம் நெருங்கி உட்காரும், சிலது நொறுங்கும், ஓட்டை சின்னதாகும்."

சொல்லிக்கொண்டே விரலால் ஓர் அமுக்கு அமுக்கினார். சாம்பார் தட்டில் ஓடியது. இட்லி தோசையாகிவிட்டது. அப்புறம் விரலை எடுத்தார். அது எழும்பவே இல்லை.

"பாத்தீங்களா? அமுங்குனது பெரும்பாலும் திரும்ப எழும்பாது. அதனாலதான் எண்ணெய் எடுக்கிற இடத்துல சில சமயம் தண்ணியை உள்ள ஏத்துவாங்க, அழுத்தம் ரொம்பக் குறையாம இருக்க."

"இதைத்தானே தம்பி நானும் சொல்றேன்! நான் சொன்னா எதிர்வீட்டுக்காரி சிரிக்கிறா!"

"இருங்கம்மா. எல்லாக் கல்லும் இட்லி இல்ல. இங்க கிடக்கிறது நேத்து சுட்ட வடை மாதிரி. அமுங்கும், ஆனா ரொம்பக் கொஞ்சம். அந்த அடுக்கும் மெல்லிசு, ஆழமும் அதிகம். மேல வந்து சேரும்போது தரை நகக் கனம் இறங்கினாலே பெரிசு. நீங்க சொல்ற மாதிரி படிப்படியா இறங்காது."

"எங்கேயும் அப்படி இறங்கினதே இல்லையா?"

அவர் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "இறங்கியிருக்கும்மா" என்றார். வெளிநாட்டில் ஒரு கடலுக்கடியில் சுண்ணாம்புக் கல்லிலிருந்து எண்ணெய் எடுத்தார்களாம். அந்தக் கல் என் இட்லியேதானாம். கடலின் தரையே ஆளுயரத்துக்கும் மேலே இறங்கிப்போய், நடுக்கடலில் நின்ற இரும்பு மேடையெல்லாம் அலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டதாம்.

"அய்யய்யோ! அப்புறம்?"

"ஜாக்கி வச்சுத் தூக்கிட்டாங்கம்மா. காலை வெட்டி, நடுவுல துண்டு வச்சு, மேடையை உசத்திட்டாங்க."

நான் மற்றதையெல்லாம் விட்டுவிட்டேன். கடலே இறங்கியதாம் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன். போகும்போது அந்தத் தம்பி வாசல் நிலைக்குப் பக்கத்துச் சுவரில், முழங்கால் உயரத்தில், ஒரு பித்தளை ஆணியை அடித்துவிட்டுப் போனார். தலை உருண்டையாக இருக்கும். ஆற்றுப் பாலத்தில் ஒரு குறி இருக்கிறதாம். அங்கிருந்து அளந்துகொண்டு வந்து இந்த ஆணி தலைமேல் அளவுகோலை நிறுத்துவார்களாம். அடுத்த வருஷம் வந்து அளந்தால் தரை இறங்கியதா இல்லையா என்று மயிரிழைக் கணக்காகத் தெரிந்துவிடுமாம். காபி குடித்த கல்லை என்னிடமே கொடுத்துவிட்டார். அதோ, மாவுப் பானை மூடிமேல் இருக்கிறது பாருங்க. நல்ல கனம். பூனை தள்ள முடியாது.

இந்த நேரத்தில்தான் டிவிக்காரர்கள் வந்தார்கள். மைக்கை நீட்டினால் எனக்கு என்ன வருகிறதென்று எனக்கே தெரியாது. "இன்னும் கொஞ்ச வருஷத்துல இந்தத் தெருவுல மீன்தான் நீந்தும்" என்று சொல்லிவிட்டேன். அதைத் திருப்பூரில் இருக்கிற என் பையன் செந்தூரன் பார்த்துவிட்டான். உடனே போன்.

"அம்மா, போதும். வீட்டை வித்துட்டு இங்க வந்துடுங்க. நாலாவது மாடி. எந்தத் தண்ணியும் வராது."

"குழாய்த் தண்ணியாவது வருமாடா?" என்று கேட்டேன். அவன் வைத்துவிட்டான்.

நான் விளையாட்டாக இருந்தேன். ஆனால் பாருங்கம்மா, எங்கள் வீட்டுக்காரர் வாழ்க்கையில் எதையும் முடிவு செய்ததில்லை. என்ன காய் வாங்குவது என்பதுகூட நான்தான். அந்த மனுஷர் அன்றைக்கு முடிவு செய்துவிட்டார். வனரோஜாவின் வீட்டுக்காரரிடம் போய்ப் பேசியும் விட்டார். அவர்கள் புதிதாகக் கார் வாங்கியிருந்தார்கள், நிறுத்த இடமில்லை. என் வீட்டை இடித்துவிட்டுக் கார் ஷெட் போடுவார்களாம். நான் மூன்று தடவை படியேறி நுழைந்த வீடு அம்மா!

"யாரைக் கேட்டுப் பேசினீங்க?" என்று கத்தினேன்.

"நீதானே தையலு சொன்ன, இறங்குதுன்னு."

"இறங்குதுன்னுதான் சொன்னேன். போகலாம்னா சொன்னேன்?"

"முழுகிற வீட்டுல இருந்துகிட்டு என்ன பண்ணறது?"

இத்தனை நாள் நான் சொன்னதை யாராவது நம்ப மாட்டார்களா என்று தவித்தேன். இப்போது எல்லோரும் நம்பிவிட்டார்கள். கடைசியில் ஒருவழியாக அழுது புரண்டு ஒரு பேச்சுக்குக் கொண்டுவந்தேன். அந்தத் தம்பி மறுபடி வந்து அளக்கட்டும். தரை இறங்கியிருந்தால் வனரோஜாவுக்கு வீட்டைக் கொடுத்துவிடுவோம். இறங்கவில்லை என்றால் திருப்பூர்ப் பேச்சையே எடுக்கக் கூடாது.

அந்த ஒரு வருஷம் நான் அந்த ஆணியைக் கவனித்த மாதிரி என் பிள்ளையைக்கூடக் கவனித்ததில்லை. வீட்டைத் தாங்கிப் பிடிக்கிற ஆணி அதுதான் என்று எனக்குள் ஒரு எண்ணம். நிலைக்குப் பக்கத்தில் வேறு இருக்கிறது. வெள்ளிக்கிழமை நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கும்போது ஆணிக்கும் வைத்தேன். அப்புறம் செவ்வாய்க்கிழமையும் வைத்தேன். அப்புறம் மனசு கேட்காமல் தினமும். வனரோஜா பார்த்துவிட்டு, "கம்பெனி ஆணிக்குச் சுண்டல் எப்பக்கா?" என்றாள். அவளுக்கு என்ன, ஷெட் கிடைக்கப்போகிற குஷி.

அளக்கிற நாளில் தெருவே கூடிவிட்டது. இளவழகன் தம்பி முக்காலியில் பெட்டியை வைத்து எட்டிப் பார்த்தார். ஓர் ஆள் ஆணிமேல் அளவுகோலை நிறுத்தினான். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அம்மா, தரை ஏறியிருக்குது" என்றார்.

நான் கை தட்டிவிட்டேன். "கேட்டுக்கிட்டீங்களா? ஏறியிருக்காம்!" வனரோஜாவின் முகம் போன போக்கைப் பார்க்கணுமே. ஆனால் அந்தத் தம்பி சும்மா விடாமல், "ஏற வழியே இல்லையே" என்று சொல்லிக்கொண்டு ஆணிக்கிட்டே வந்து குனிந்தார். நகத்தால் சுரண்டினார். அப்பளம் மாதிரி ஒன்று பெயர்ந்து வந்தது.

"இது என்னம்மா?"

"மஞ்சள் குங்குமம் தம்பி. மங்கலமா இருக்கட்டுமேன்னு."

"அம்மா! நாங்க அளக்க வந்ததே இவ்வளவு கனத்தைத்தாம்மா!"

தெரு சிரித்த சிரிப்பில் எங்கள் வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார், வெட்கமில்லாமல். கத்தியை வாங்கிச் சுரண்டித் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இறங்கியிருக்கும்மா. அரை நகக் கனம்."

"இறங்கியிருக்குல்ல சார்? அப்ப இறங்கியிருக்கு!" என்று வனரோஜா முன்னால் வந்துவிட்டாள். அந்தத் தம்பி அவளைப் பார்க்கவே இல்லை. வாசலையும் ரோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அரை நகம் எங்க, நாலு படி எங்க? படியெல்லாம் எங்கதான் போச்சு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, "கடப்பாரை இருக்கா?" என்றார்.

எங்கள் வீட்டுக்காரர் கொண்டுவந்தார். வாசலை ஒட்டி ரோட்டின் ஓரத்தில் குத்தினார்கள். முதலில் தார் பெயர்ந்தது. அதற்கடியில் சிமெண்டு. அதற்கும் அடியில் ஜல்லியும் மறுபடி தாரும். அடுக்கடுக்காக வந்தது. அதற்கும் கீழே, அம்மா, சிவப்பு! சிவப்புச் சிமெண்டு, ஓரத்தில் கறுப்புக் கோடு. என் படிகள். ஒன்றுகூட உடையவில்லை. மேலே இருக்கிற படியை நான் புடவைத் தலைப்பால் துடைத்தேன். புதிதாகக் கழுவி விட்ட மாதிரி இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்தது.

"உங்க வீடு இறங்கலம்மா. ரோடுதான் ஏறியிருக்கு. பழசைத் தோண்டி எடுக்காம அதுமேலயே போட்டுக்கிட்டு வந்திருக்காங்க" என்றார் அந்தத் தம்பி.

உடனே வனரோஜா ஆரம்பித்தாள். "சார், அந்த முதல் தார் யாரு வாங்கினது கேளுங்க. தையலக்கா. நடுவுல அந்தச் சிமெண்டு? தையலக்கா. மேல இருக்கிற தார்? அதுவும் எங்க தையலக்காதான். கம்பெனிக்காரன் அரை நகம் இறக்கினான், எங்கக்கா மூணடி ஏத்திடுச்சு!"

எப்படிப் பேசுகிறாள் பாருங்க. "ஏன்டி, மழையில உன் மாமனாரைச் சேத்துலேர்ந்து கட்டிலோட தூக்கினது மறந்துபோச்சா? நான் ரோடு போடத்தான் சொன்னேன். என் படி மேல போடச் சொன்னேனா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே இருந்தாள், அவ்வளவுதான். நியாயமான கேள்விக்கு இந்தக் காலத்தில் யார் பதில் சொல்கிறார்கள்?

ஆனால் வீடு பிழைத்துவிட்டது. "அரை நகத்துக்கெல்லாம் யாராவது வீட்டை விப்பாங்களா?" என்று எங்கள் வீட்டுக்காரரே சொல்லிவிட்டார். இருந்தாலும் மழைக்குத் தண்ணீர் உள்ளே வருவது வந்துகொண்டுதானே இருக்கும்? அப்போதுதான் எனக்கு அந்தக் கடல் மேடை ஞாபகம் வந்தது. "கடல்ல நிக்கிற இரும்பையே ஜாக்கி வச்சுத் தூக்கியிருக்கான், இத்தனூண்டு வீட்டைத் தூக்க முடியாதா?" என்று செந்தூரனிடம் கேட்டேன். அவன் வீடு தூக்குகிற ஆட்களை விசாரித்து அனுப்பினான். ஹரியானாக்காரர்கள். அவர்கள் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவர்களுக்குப் புரியாது. ஆனால் நான் கவலைப்படுகிறேன் என்பது மட்டும் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தாலே கையை விரித்து, "ஒண்ணும் ஆகாது" என்பதுபோலக் காட்டுவார்கள்.

சுவருக்கடியில் தோண்டி, வரிசையாக ஜாக்கி வைத்து, ஒருத்தர் விசில் ஊதினால் எல்லோரும் ஒரே சமயத்தில் கொஞ்சமே கொஞ்சம் திருப்ப வேண்டும். மறுபடி விசில், மறுபடி திருப்பு. வீட்டை விட்டு வெளியே போகச் சொன்னார்கள். அடுப்பில் அடை வெந்துகொண்டிருக்கிறது, எப்படிப் போவேன்? உள்ளேதான் இருந்தேன். பானையில் மாவு ஆடவில்லை, கல்லும் ஆடவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் வனரோஜாவின் தலை மட்டும் கீழே இறங்கிக்கொண்டே போனது. எனக்கு ஒரு நிமிஷம் அவள் வீடுதான் இறங்குகிறது என்று பதறிவிட்டது. "அடியே வனரோஜா, வெளிய வா, வெளிய வா!" என்று கத்தினேன். அவள் தெருவில்தான் நின்றிருந்தாள். அப்புறம்தான் உறைத்தது, நான் மேலே போய்க்கொண்டிருக்கிறேன் என்று.

வீடு மூன்றடி ஏறியது. அடியில் செங்கல் கட்டி, வாசலில் புதிதாகப் படி கட்டினோம். அதே சிவப்பு, அதே கறுப்புக் கோடு. நான்தான் முதலில் ஏறினேன், வலது காலை வைத்து. சுவரோடு சுவராக உங்கள் பித்தளை ஆணியும் மேலே வந்துவிட்டது.

இளவழகன் தம்பிக்கு அதற்குள் வடக்கே எங்கேயோ மாற்றலாகிவிட்டது. இந்த வருஷம் அளக்க வந்தவர்கள் புதுப் பிள்ளைகள். காதில் பாட்டு மாட்டியிருந்தார்கள். காபி குடிக்கிறீர்களா என்று கேட்டேன், கேட்கவில்லை. ஆணிமேல் அளவுகோலை வைத்தார்கள், படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். வீடு முன்னே எப்படி இருந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவ்வளவுதான் அம்மா விஷயம். உங்கள் பெரிய அதிகாரிக்குப் போன் போட்டு, அடியில் எதுவும் வீங்கவில்லை, தையல்நாயகி வீட்டைத் தூக்கிவிட்டாள், நிம்மதியாகத் தூங்குங்கள் என்று சொல்லுங்க. ஆணியில் மஞ்சள் இல்லை, நீங்களே பார்க்கலாம். இப்போது சுவரில் பொட்டு மட்டும்தான் வைக்கிறேன்.

என்ன, ஆணியைக் கழற்ற வேண்டுமா? ஏறிப்போன ஆணி உங்களுக்கு உதவாதா? அடடா. பழகிவிட்டது, அதுதான். சரி, எடுத்துக்கொள்ளுங்க. ஒரு யோசனை சொல்லட்டுமா? அதை எதிரே வனரோஜா வீட்டுச் சுவரில் அடித்துவிடுங்க. அவள் வீட்டில்தான் இப்போது தரை இறங்குகிறது. வாசலில் ஒரு படியைக் காணோம் என்று நேற்றுப் புலம்பினாள். "கம்பெனிக்குச் சொல்லுடி, சும்மா விடாதே" என்று நான்தான் தைரியம் கொடுத்தேன். என்ன இருந்தாலும் எதிர்வீடு.

வெளியே கடகடவென்று கேட்கிறதே, அதுவா? பயப்படாதீங்க, ரோடு ரோலர். வீடு தூக்கத் தோண்டியதில் தெரு குண்டும் குழியுமாகிவிட்டது. திங்கட்கிழமை திங்கட்கிழமை நடந்து நான் வாங்கிய ரோடுதான். போன வாரம் எதிர்ப்பக்கம் பாதி ரோட்டைப் போட்டுவிட்டார்கள், இன்றைக்கு நம் வாசல் பக்கம் வந்துவிடும். பழசைப் பெயர்த்துவிட்டுப் போடுங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குத் தனியாக இன்னொரு மிஷின் வரவேண்டுமாம், நாளாகுமாம். மழைக்கு முன்னால் முடியட்டுமே என்று விட்டுவிட்டேன். நம் வீடுதான் உயரமாக இருக்கிறதே.

கிளம்பிவிட்டீர்களா? ஒரு அடை சாப்பிட்டிருக்கலாம். நாற்காலியில் இடித்துக்கொள்ளாதீங்க. வாசலில் பார்த்து இறங்குங்க, நாலு படி இருக்கிறது, நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்க. அடுத்த வருஷம் நீங்கள் வரும்போது அதில் ஒன்று குறைந்திருந்தால், அது உங்கள் கம்பெனி வேலைதான், இப்போதே சொல்லிவிட்டேன்.